பசுமை நகரில் பிடிபட்டவர்

தெருவில் எங்காவது கூட்டம் கூடியிருந்தால் இப்போதெல்லாம் நான் அடுத்த தெரு வழியாகப் போய்விடுகிறேன். ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டருக்குக் கிடைக்கிற பெரிய சலுகை அதுதான். உங்களுக்கு அது கிடைக்க இன்னும் ரொம்ப வருஷம் கிடக்கிறது. நீங்கள் கூட்டத்துக்குள் போய்த்தான் ஆகவேண்டும். அதனால், புதிதாகச் சீருடை போட்டிருக்கும் தம்பி தங்கைகளே, சட்டப் பிரிவுகளை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நான் ஒரு சேவலைப் பற்றிச் சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து பாலவனத்தம் போகிற வழியில், ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, பசுமை நகர் என்று ஒரு குடியிருப்பு. அங்கே பச்சையாக இருந்தது சுற்றிலும் மண்டிக் கிடந்த சீமைக்கருவேலம் மட்டும்தான். முன்பு கரிசல் காடாகக் கிடந்த இடம். பிளாட் போட்டு, ஒரே கொத்தனார் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாக வீடு கட்டியிருந்தார்கள். வாத்தியார்கள், கடை வைத்திருப்பவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பங்கள், பிள்ளைகள் படிப்புக்காகத் திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் என்று எல்லாரும் கலந்து குடியிருந்தார்கள். கலந்து என்றா சொன்னேன்? பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்தார்கள். அவ்வளவுதான்.

காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால் நகர் காலியாகிவிடும். திருடனுக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பட்டப்பகலில் பூட்டை உடைத்தார்கள். நாங்களும் போனோம், பீரோவில் பொடி தூவி ரேகை எடுத்தோம், மோப்ப நாய் மெயின் ரோடு வரை ஓடிப் போய் ஒரு டீக்கடை முன்னால் உட்கார்ந்துகொண்டது. அடுத்த மாதம் இன்னொரு வீடு. அதற்கடுத்து நாகலட்சுமி வீடு. அவர் வீட்டிலேயே சேலை வியாபாரம் செய்பவர். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தால் பீரோ திறந்து கிடந்தது. சேலைகளைத் தொடவில்லை, நகையை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். "என் சேலையெல்லாம் அவனுக்கே புடிக்கல போல மேடம்" என்று அழுதுகொண்டே சிரித்தவர் அவர்.

அதன்பிறகுதான் நகரவாசிகள் விழிப்புக் குழு ஆரம்பித்தார்கள். தலைவர் சுப்புராஜ். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரே வருகிற யாரைப் பார்த்தாலும் டிக்கெட் எடுக்காமல் வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். தளபதி சதீஷ். செல்போன் கடை வைத்திருந்தான், முப்பது வயதிருக்கும், தினம் காலையில் ஜிம்முக்குப் போகிறவன். எல்லாருக்கும் விசில் வாங்கிக் கொடுத்தது அவன்தான். வாட்ஸ்அப்பில் ஒரு குழுவும் தொடங்கினார்கள். "இரண்டாவது தெருவில் சந்தேகப்படும்படி ஒரு ஆள்" என்று ஒருநாள் ஒருவர் செய்தி போட்டிருக்கிறார். அதற்கு மேலேயும் கீழேயும் ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக வந்து விழுந்ததில், அந்தச் செய்தியை மற்றவர்கள் பார்த்தது மறுநாள்.

நான் இதைக் கேலிக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கேலிதான். ஆனால் பயந்துபோன மனிதர்கள் சேர்ந்து ஏதாவது செய்ய நினைப்பது நல்ல காரியம். அவர்களுக்கு எதைச் செய்வது என்று தெரியவில்லை. கையில் விசிலும் கம்பும் இருந்தன, திருடன்தான் இல்லை. அந்த நிலைமை ஆபத்தானது.

ஒருநாள் மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போன் வந்தது. சுப்புராஜ்தான்.

"மேடம், புடிச்சுட்டோம்!"

"யாரை?"

"அதை நீங்கதான் வந்து கண்டுபுடிக்கணும்."

ஜீப்பை எடுத்துக்கொண்டு நானும் ஏட்டையாவும் மட்டும் போனோம். மற்றவர்கள் எல்லாரும் ஒரு திருவிழாப் பாதுகாப்புக்குப் போயிருந்தார்கள். பசுமை நகர் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம். வேலைக்குப் போனவர்கள்கூடப் போன் தகவல் கேட்டு பைக்கில் வந்து சேர்ந்திருந்தார்கள். தொட்டியின் தூணில் முதுகு சாய்த்து ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவருடைய துண்டாலேயே அவர் கையைக் கட்டியிருந்தார்கள். உதடு கிழிந்து, சட்டையில் ரத்தம் சொட்டியிருந்தது. காலடியில் ஒரு சாக்குப்பை. சுற்றிலும் உயர்த்திய கைகளில் செல்போன்கள்.

"வீடு வீடா எட்டிப் பாத்துக்கிட்டே வந்தான் மேடம்", "புள்ள புடிக்கிறவன்", "சாக்கு அசையுது மேடம், உள்ள என்னமோ இருக்கு!" என்று ஆளுக்கொன்று கத்தினார்கள். யாரோ பின்னாலிருந்து, "ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா விட்ருவாக, இங்கயே ரெண்டு போடுங்கடா" என்றார்கள்.

இந்த இடத்தில் என்ன செய்வீர்கள் என்று நான் உங்களில் சிலரிடம் கேட்டிருக்கிறேன். லத்தி என்றீர்கள். இரண்டு பேர் லத்தியைச் சுழற்றினால் கூட்டம் எந்தப் பக்கம் ஓடும் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பெரியவர் மேலேயே விழுந்தாலும் விழும். உபதேசமும் எடுபடாது. கோபத்தில் நிற்பவனிடம் சட்டம் பேசினால், அவன் உங்களையும் அந்தத் தூணில் சேர்த்துவிடுவான்.

நான் போய்ப் பெரியவருக்கு முன்னால், அவரை மறைத்து நின்றுகொண்டேன். பிறகு சத்தமாக, சந்தோஷமான குரலில் சொன்னேன். "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. இப்ப சாட்சி வேணும். கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவா வரணும், பாத்ததைச் சொல்லணும். யார் யார் வாரீங்க? ஏட்டையா, ஒவ்வொருத்தர் பேரா கேளுங்க. போன்ல எடுத்திருக்கிற எல்லாரும் சாட்சிதான், முதல்ல அவங்க வாங்க."

உயர்ந்திருந்த கைகள் இறங்கின. ஒருவருக்கு அடுப்பில் பால் ஞாபகம் வந்தது. ஒருவர் லீவு சொல்லாமல் வந்துவிட்டாராம். 'இங்கயே ரெண்டு போடுங்கடா' குரல் எந்தச் சந்தில் போனது என்றே தெரியவில்லை. சாட்சி என்ற சொல் கூட்டத்தைக் கலைப்பதுபோலக் கண்ணீர்ப்புகை கலைக்காது. இதை எந்தக் கையேட்டிலும் போட்டிருக்க மாட்டார்கள்.

மிச்சம் நின்றவர்கள் ஒரு வட்டம் தள்ளி நின்றார்கள். பெரியவரின் கைக்கட்டை அவிழ்த்துவிட்டு, ஏட்டையாவிடம் சாக்கைத் திறக்கச் சொன்னேன். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். உள்ளேயிருந்து ஒரு நாட்டுச் சேவல் தலையை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது. அதன் அடியில் கொஞ்சம் வத்தல் மிளகாய், ஒரு பொட்டலம் மல்லி. யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். சிரிப்பு வந்துவிட்டால் அதற்குப் பிறகு அடிக்க வராது. எனக்குப் போன உயிர் திரும்பியது அப்போதுதான்.

"பெரியவரே, யாரைப் பாக்க வந்தீக?"

"மக வீட்டுக்கு வந்தேன் தாயி, இதான் மொத தடவை. இங்கனதான் குடியிருக்கா. வாசல்ல கொடிப் பந்தல் இருக்கும்ப்பான்னு சொன்னா. எல்லா வீட்டுலயும் பந்தல் இருக்கு, எல்லா வீடும் ஒண்ணுபோல இருக்கு. அதான் எட்டி எட்டிப் பாத்தேன்."

"மக பேரு?"

"செல்வி. திருச்சுழியில ஆபீஸுல வேலை பாக்குறா. மருமகன் லோடு வண்டி ஓட்டுறாரு."

சுப்புராஜ் முன்னால் வந்தார். "பொய் மேடம். எனக்கு இங்க எல்லா வீடும் அத்துபடி. செல்வின்னு ஒருத்தரும் கிடையாது."

சொல்லி முடிப்பதற்குள் அவருடைய சட்டைப் பையில் ஒரு போன் அடித்தது. பழைய பொத்தான் போன், பெரியவருடையது. தடயம் என்று வாங்கிப் பத்திரமாக வைத்திருந்தார். மகளுக்குப் போன் போட்டுக்கொள் என்று அதை அவரிடமே கொடுத்திருந்தால் ரத்தம் சிந்தியிருக்காது. அந்த யோசனை ஒருவருக்கும் வரவில்லை. நான் வாங்கிப் பேசினேன். அந்தப் பக்கம் செல்விதான். "அப்பா, வீட்டைக் கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்றாள்.

அவள் வீடு எது தெரியுமா? சுப்புராஜ் வீட்டுக்குப் பின்வீடு. இருவருக்கும் ஒரே மதில். காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பி, பொழுது சாய்ந்து வருகிற அந்தப் பெண் அங்கே குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பெரியவர் பெயர் கருப்பையா. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உதட்டில் தையல் போட்டார்கள், ஒரு பல் ஆடிக்கொண்டிருந்தது. செல்வி பஸ்ஸைப் பிடித்து ஓடி வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் அழவில்லை. "யாருப்பா அடிச்சது?" என்று மட்டும் கேட்டாள். தள்ளியவர்கள் பலர், கையை ஓங்கி முகத்தில் குத்தியது சதீஷ். அதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. குழுவினரே படம் பிடித்து, 'பசுமை நகர் சிங்கங்கள்' என்று தலைப்பு வைத்து, பின்னணியில் இசையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். தங்களுக்கு எதிரான சாட்சியத்தை இவ்வளவு அழகாகத் தயாரித்துக் கொடுத்தவர்களை என் பணிக்காலத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நகரவாசிகள் கூடிவிட்டார்கள். பழம், ஹார்லிக்ஸ், மன்னிப்பு எல்லாம் சேர்ந்து வந்தன. "தெரியாம நடந்துபோச்சு ஐயா. பெரிய மனசு பண்ணி விட்ருங்க." சதீஷ் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். மேலிடத்திலிருந்தும் எனக்குப் போன் வந்தது. "நல்ல ஜனங்கம்மா, பேசி முடிச்சு அனுப்பிவிடுங்க."

ஸ்டேஷனில் நாம் அதிகம் சொல்கிற வசனம் அதுதான், இல்லையா? பேசி முடிச்சுக்கங்க. எழுதுகிற வேலை மிச்சம். எல்லார் முகமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கருப்பையாவின் எதிரே உட்கார்ந்தேன்.

"நீங்க என்ன சொல்றீக? கேஸ் வேணும்னா போடுறேன், வேணாம்னா விடுறேன். எனக்காகச் சொல்ல வேணாம், அவுகளுக்காகவும் சொல்ல வேணாம்."

தையல் போட்ட வாயால் மெதுவாகச் சொன்னார். "போடு தாயி. பெறகு பேசிக்கிறலாம்."

போட்டேன். மறுநாளிலிருந்து நான் பசுமை நகரின் எதிரி. "காலனியைக் காப்பாத்த வந்த பையன் மேலயே கேஸா?" என்று சுப்புராஜ் குழுவையே கலைக்கப் போவதாக அறிவித்தார். எனக்கு அதுதான் கவலை. அடித்தது தப்பு என்பதற்காக, சேர்ந்து நிற்பதையே விட்டுவிட்டால் திருடனுக்குத்தான் கொண்டாட்டம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கூட்டம் போடச் சொன்னேன். என்னைத் திட்டுவதற்காகவாவது எல்லாரும் வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள்.

திட்டி முடித்து ஓய்ந்த நேரத்தில் நாகலட்சுமி எழுந்தார்.

"என் வீட்டுப் பூட்டை உடைச்சப்ப அந்தச் சத்தம் எதுத்த வீட்டுக்குக் கேட்டுச்சாம். ஆசாரி வேலை நடக்குதுன்னு நெனச்சாகளாம். அவுகளைக் குத்தம் சொல்லல. நான் கல்யாணத்துக்குப் போறேன்னு அவுகட்டச் சொல்லிட்டுப் போயிருந்தா, ஏது ஆசாரின்னு ஒரு எட்டு வந்து பாத்திருப்பாக. நான் சொல்லல. ஏன்னா அவுக பேரே எனக்குத் தெரியாது. பேரு தெரியாதவுகளைப் பூராம் திருடன்னு அடிக்கணும்னா, மொதல்ல நாமதான் ஒருத்தரை ஒருத்தர் அடிச்சுக்கிறணும்."

எதிர்வீட்டு அம்மா எழுந்து, "என் பேரு பார்வதி" என்றார். அவ்வளவு நேரம் என்னை முறைத்துக்கொண்டிருந்த கூட்டம் சிரித்துவிட்டது.

அதன்பிறகு குழு வேறு மாதிரி நடந்தது. கம்புகள் வீட்டுக்குப் போயின. விசில்கள் பிள்ளைகளிடம் போயின, அது தனி இம்சை. பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது, மாதம் ஒரு தெருவாகக் கூடி டீ குடிப்பது, வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவை நிறுத்துவது. மூன்றில் கடைசிதான் கஷ்டமாக இருந்தது. புதிய ஆள் யாராவது வந்தால் யாராவது ஒருவர் போய், யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்பது, தெரிந்தால் கூட்டிப் போய் விடுவது.

செல்வி மட்டும் கதவைத் திறக்கவில்லை. நாகலட்சுமி இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தார். மூன்றாவது தடவை ஜன்னல் வழியாகச் செல்வி, "எங்கப்பாவை அடிச்ச தெருக்காரங்களோட எனக்கு என்ன பேச்சு?" என்றாளாம். "சரிதான். நானும் அன்னைக்கு நின்னு வேடிக்கை பாத்தவதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று நாகலட்சுமி வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்துக் கதவு திறந்தது. சுற்றி வளைக்காமல் உண்மையைச் சொன்னால் சில கதவுகள் திறக்கும். விசாரணைக்குப் போகிறவர்களுக்கும் இது உதவும்.

அடுத்த சில மாதங்களில் ஒரு முற்பகல். செல்வி வீட்டு வாசலில் இரண்டு பேர் நிற்பதை நாகலட்சுமி பார்த்தார். சட்டையை உள்ளே விட்டு, ஷூ போட்டு, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பளிச்சென்ற ஆட்கள். தோளில் பை. கேட்டபோது, குடிதண்ணீர் மெஷினுக்கு சர்வீஸ் செய்ய வந்திருப்பதாகவும், வீட்டுக்காரம்மா வரச் சொன்னதாகவும் சொன்னார்கள். செல்வி வீட்டில் அப்படி மெஷினே கிடையாது, கேன் தண்ணீர்தான். முன்பென்றால் இது நாகலட்சுமிக்குத் தெரிந்திருக்காது. இப்போது அந்த வீட்டு அடுப்படி வரை அவருக்குப் பழக்கம்.

அவர் கத்தவில்லை. "செல்விதானே? இப்ப வந்துரும். வெயில்ல ஏன் நிக்கிறீக, வந்து உக்காருங்க" என்று அழைத்து வந்து தன் வீட்டு வாசல் நிழலில் நாற்காலி போட்டார். சும்மா உட்கார வைத்தால் கிளம்பிவிடுவார்கள் என்று, வீட்டுக்காரிகளுக்கு எடுத்துப் போங்கள் என்று சேலைகளை விரிக்க ஆரம்பித்துவிட்டார். நடுவில் போனை எடுத்துத் தெலுங்கில் ஓரகத்தியோடு பேசினார். இருவரும் வெளியூர்க்காரர்கள், ஒன்றும் புரியவில்லை. அந்தத் தெலுங்கு அடுத்த நிமிஷம் தமிழாகி ஸ்டேஷனுக்கு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது பார்க்க வேண்டுமே! தெரு முனையில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றது, டிரைவர் பஞ்சர் பார்ப்பதுபோல டயரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சுப்புராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த அடையாள அட்டைகளைத் திருப்பித் திருப்பி ஆராய்ந்தார். கம்பெனி எந்த ஊர், மேலாளர் பெயர் என்ன, எந்தப் பஸ்ஸில் வந்தீர்கள் என்று அவர் கேட்ட கேள்விகளில் அவர்களுக்கு வேர்த்துவிட்டது. வாழ்நாளெல்லாம் கற்ற வித்தை கடைசியில் பொருத்தமான ஆட்களிடம் போய்ச் சேர்ந்தது. தகவல் கேட்டு வந்த சதீஷும் அங்கே இருந்தான். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மரம்போல நின்றான். ஒருவர் மேலும் ஒரு விரல் படவில்லை.

பைக்குள் பூட்டு நெம்புகிற கம்பி இருந்தது. விசாரித்ததில் முந்தைய திருட்டுகளும் இவர்கள் வேலைதான். நாகலட்சுமி நகையில் பாதி திரும்பக் கிடைத்தது, மீதியை ஏற்கெனவே உருக்கிவிட்டிருந்தார்கள். சுப்புராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மேடம், வெளிய சொல்லாதீக. போன தடவை இவனுக வந்தப்ப, பாவம் வெயில்ல அலையுறானுகளேன்னு நானே மோர் குடுத்தேன்" என்றார். ஷூ போட்டவனுக்கு மோர், சாக்குப்பை வைத்திருந்தவருக்குக் குத்து. அதை அவர் முகமே சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே சொல்ல மாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

கருப்பையா கேஸ் கோர்ட்டில் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் பஸ் ஏறி வந்தார், சதீஷ் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். வராண்டாவில் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். கடைசியில் சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, கருப்பையா கூண்டில் ஏறி, தான் இந்தப் பையனை மன்னிப்பதாகவும் வழக்கை முடித்துக்கொள்ளச் சம்மதம் என்றும் சொன்னார். அடிபட்டவர் சம்மதித்தால் அப்படி முடிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நீதிபதி, யாராவது மிரட்டினார்களா என்று கேட்டார். "என்னைய யாரும் மிரட்டலீங்க. நானாத்தான் சொல்றேன்" என்றார்.

வெளியே வந்ததும் சதீஷ் அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் விலகிக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டுல கொண்டுபோய் விடுறேன் ஐயா, வண்டியில ஏறுங்க" என்றான். "வேணாம்ப்பா. உன் வண்டியில பின்னால உக்காந்து போனா, எவனையோ புடிச்சுட்டுப் போறான்னு சொல்லுவாக" என்றார் கருப்பையா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தான்.

பஸ் ஸ்டாண்டு வரை நான் அவரோடு நடந்தேன். மனதில் இருந்ததைக் கேட்டேன்.

"இப்பிடி விடுறதா இருந்தா அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே விட்டிருக்கலாமே பெரியவரே? எத்தனை தடவை வெயில்ல அலைஞ்சிருக்கீக."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அன்னைக்குச் சுத்தி அம்புட்டுப் பேரு நின்னாக தாயி. என் கையில என்ன இருந்துச்சு, விடுறதுக்கு? விட்டிருந்தா, பயந்து விட்டேன்னுதான் ஆகியிருக்கும். அவனுக்கும் அப்பிடித்தான் தோணியிருக்கும், எனக்கும் அப்பிடித்தான் தோணியிருக்கும். இன்னைக்கு அவனைத் தண்டிக்கிறது என் ஒரு சொல்லுல இருந்துச்சு. அதான் விட்டேன்."

திருச்சுழி பஸ் வந்தது. "வாரேன் தாயி" என்று ஏறிக்கொண்டார்.

தம்பி தங்கைகளே, அடிபட்ட ஒருவரிடம், 'விட்டுக்கொடுத்துப் போங்களேன்' என்று சொல்ல உங்களுக்கும் ஒருநாள் வாய் வரும். சொல்வதற்கு முன்னால் அவர் கைகளைப் பாருங்கள். விட்டுக்கொடுப்பதற்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள்.